சோப்பு நுரைக்காத தண்ணீர்

பெரும்பாக்கம்
ஜூலை 14

டீனாவுக்கு,

நீ கவுன்சிலரைக் கொன்றுகொண்டிருக்கிறாய்.

நேற்று உன் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த அம்மா, எட்டு மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்கு முன்பே சொன்னாள்: "உன் கவுன்சிலருக்கு தாடி மொளச்சிக்கீதுடீ. வெள்ளையா, பஞ்சு மாதிரி. புழு போட்டா திரும்பிக்கூட பாக்கல. மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீறான்."

கவுன்சிலரால் மூஞ்சியைத் தொங்கப் போட முடியாது. ஆக்ஸலாட்டலுக்கு வாய் பிறவியிலேயே சிரித்த மாதிரிதான் அமைந்திருக்கிறது. செத்தாலும் சிரித்துக்கொண்டேதான் கிடக்கும். அதனால்தானே அந்தப் பெயரே வைத்தோம்? கொளத்தூரில் மீன்கடைக்காரர் "நடக்கிற மீனு" என்று சொல்லி, விரல் நீளத்தில் நாலு காலும் கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிறகுமாக ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "எப்பப் பாத்தாலும் சிரிச்ச மூஞ்சி, கை கால அசைக்கிறதில்ல, வாய்க்கு நேரா எதையாவது நீட்டினா மட்டும் பாய்ஞ்சு வருது. கவுன்சிலர்னு வெச்சிடலாம்டீ." பக்கத்து சீட்டுக்காரர் சைதாப்பேட்டையில் நாம் இறங்கும்வரை சிரித்தார்.

மூன்று மாதமாக உனக்குப் போன் செய்கிறேன். எடுத்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் மீட்டிங். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை நேரத்தில் உனக்கு என்ன மீட்டிங்? சரி, விடு. பழைய வழிக்கே வருகிறேன். காகிதத்தை பாட்டிலில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, அம்மாவின் பையில்.

காலேஜ் படித்தபோது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அம்மாவிடம். உன் வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த இரண்டு பாட்டில்கள் தினமும் மதியம் அம்மாவோடு சைதாப்பேட்டைக்கு வரும், கவுன்சிலரின் தண்ணீர் சூடேறாமல் இருக்க. பாட்டிலைச் சுற்றி, ஈரத்தில் மை கலங்கிய உன் கடிதம் இருக்கும். மறுநாள் காலை காலி பாட்டிலோடு என் பதில் சாந்தோமுக்குப் போகும். "ஒரே பெஞ்சுலதான ஒக்காந்துக்கினு கீறீங்க? அங்க பேசாதது இன்னாடீ இதுல எழுதறீங்க?" என்று அம்மா கேட்பாள். என்ன எழுதினோம் என்று இப்போது ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பாட்டிலின் சில்லிப்பு மட்டும் கையில் இருக்கிறது.

இனி கேள்விகள். தி.நகர் லேபில் தினம் அறுபது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து "வெறும் வயிறு" என்று சொல்பவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அதனால் உள்ளதை உள்ளபடி எழுது. செவுள் சிறகுகள் பின்பக்கம் விரிந்திருக்கின்றனவா, முன்பக்கம் வளைந்திருக்கின்றனவா? வால் நுனி சுருண்டிருக்கிறதா? அடியில் படுக்கிறானா, மிதக்கிறானா? கடைசியாக என்று சாப்பிட்டான்? தண்ணீர் எத்தனை டிகிரி? விரலை விட்டுப் பார்த்துச் சொல்லாதே, தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல். முக்கியமாக, அது என்ன தண்ணீர்?

பத்து நாளைக்கு என்று தூக்கிப் போனாய். நூறு நாள் ஆகப்போகிறது.

மணிமொழி


சாந்தோம்
ஜூலை 16

அன்புள்ள மணி,

கொல்கிறாய் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்துக்குப் போகவில்லை. தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். செவுள்கள் முன்னால் வளைந்திருக்கின்றன, காற்றுக்கு எதிரே குடை பிடித்த மாதிரி. வால் நுனி கொக்கி போலச் சுருண்டிருக்கிறது. மிதக்கவில்லை, மூலையில் படுத்தே கிடக்கிறான். சாப்பிட்டு ஐந்து நாள். இடது செவுளில் இரண்டு இடத்தில் பஞ்சு. என் அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் இருபது டிகிரி. எனக்குச் சளி பிடித்து மூன்று வாரம், அது உனக்குக் கவலை இல்லை.

தண்ணீரைப் பற்றி நீ கேட்டதுதான் எனக்கு வலித்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிப்பதால் முதல் நாளிலிருந்தே அவனுக்குக் கேன் தண்ணீர்தான். நாங்கள் குடிக்கிற அதே கேன். "நான் உலை வெக்கிறதே குழாய்த் தண்ணில, இதுக்கு கேன் கேக்குதா?" என்று மம்மி தினம் திட்டுகிறார். இதைவிடச் சுத்தமாக நான் என்ன கொடுக்க முடியும்?

இங்கே அவன் சந்தோஷமாக இல்லை மணி. உங்கள் வீட்டு ஜன்னலோரம், ஈரக் கோணி சுற்றின தொட்டியில் அவன் இருந்தது வேறு. ரயில் பாலத்தில் வண்டி போகும்போது தண்ணீரில் சின்ன வளையம் வரும். உடனே செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் நடந்து வருவான். நாம் பரீட்சைக்குப் படிக்காமல் அடுத்த ரயிலுக்காகக் காத்திருப்போம். கோணி வாசனையும் ஆற்று வாடையும் கலந்து வரும். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டேன். இப்போது அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

உன் அம்மா தாயம்மாக்காவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. கேட்டால், "ஒண்ணும் இல்ல பாப்பா" என்கிறார். லிஃப்ட் ஓடவில்லையா?

என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுது.

உன் டீனா


பெரும்பாக்கம்
ஜூலை 17

டீனா,

லிஃப்ட் ஓடுகிறது, மாதத்தில் நாலைந்து நாள். முழங்காலுக்கு மூன்று பஸ்தான் காரணம். காலை நாலேகாலுக்குக் கிளம்புகிறாள். முன்பு சைதாப்பேட்டையிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பி ஏழரைக்கு உன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். இப்போதும் ஏழரைக்குத்தான் தேய்க்கிறாள். உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் எதுவும் மாறவில்லை.

கவுன்சிலர் விஷயத்துக்கு வருகிறேன். குற்றவாளி கேன்.

கேன் தண்ணீரில் அழுக்கு இல்லை. கூடவே உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆக்ஸலாட்டலுக்குத் தோல் வழியாகவே தண்ணீர் உடம்புக்குள் போகும். வெறும் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தால் உடம்பிலிருக்கும் உப்பும் குறைந்து, தோல் மேலிருக்கும் வழவழப்பும் போய், பூஞ்சை ஏறும். சைதாப்பேட்டையில் அவன் குடித்தது தெருமுனை அடிபம்புத் தண்ணீர். எத்தனை தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. அதில்தான் விரல் நீளத்திலிருந்து முக்கால் அடிக்கு வளர்ந்தான். உங்கள் பக்கத்தில் சுத்தம் என்றால் இருக்கிறதையெல்லாம் அப்புறப்படுத்துவது. அது எல்லா உயிருக்கும் ஒத்துவராது.

கவனமாகச் செய். பஞ்சைக் கையால் பிய்க்காதே, தோலும் சேர்ந்து வரும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில் அவனைத் தனியாக வை. தண்ணீரை தினமும் முழுசாக மாற்று. புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். தினம் ஒரு தடவை டீக் குளியல்: வெறும் டீத்தூள் டிகாஷன், நன்றாக ஆறியது, வெளிர் பழுப்பு நிறம் வரும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து பத்து நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் கோயில் மதிலோரம் நாட்டு வாதாம் மரம் நிற்கிறதே, தானாக உதிர்ந்து சிவந்த இலை இரண்டு பொறுக்கிக் கழுவி டப்பில் போடு. அதற்கும் பூஞ்சை அடங்கும்.

முதல் தடவை டீ வாங்கப் போனோமே. அன்வரி பேகம் கடையில் நீ போய், "பால் வேணாம், சக்கரை வேணாம், ஆறவெச்சுக் குடுங்க" என்றாய். அந்தம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு, "இன்னாத்துக்குடீ? செத்த மையத்துக்கு வாய் கொப்புளிக்கவா?" என்று கத்தியது. விஷயத்தைச் சொன்னதும் மூன்று நாளும் டிகாஷனுக்குக் காசே வாங்கவில்லை. "கவுன்சிலரு எப்டி கீறாரு? ஓட்டு போட்டவ கேட்டேன்னு சொல்லு" என்று மட்டும் கேட்கும். எங்கள் ஆற்றோர வீடுகளை இடித்து எங்களை இங்கே அனுப்பியபோது கடையையும் சேர்த்துத்தான் இடித்தார்கள். அந்தம்மா எங்கே போனது என்று தெரியவில்லை.

தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். வீடுகள் போய்விட்டன, பம்பு நிற்கிறது. அம்மா நாளையிலிருந்து சைதாப்பேட்டையில் இறங்கி இரண்டு பாட்டில் அடித்து எடுத்து வருவாள். சுற்று வழிதான், இன்னொரு பஸ்தான். வேண்டாம் என்றேன். "அந்தப் பம்பு என் கைய மறந்துடுச்சான்னு பாக்கறேன், உனக்கு இன்னாடீ?" என்றாள். உங்கள் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வை, குளோரின் போய்விடும். அதோடு இந்த இரண்டு பாட்டிலைக் கலந்தால் போதும்.

இன்னொரு தப்பும் செய்திருப்பாய். ஏப்ரல் ஆறாம் தேதி மத்தியானம் பக்கெட்டோடு வந்து நின்றாய். "வர்ற வழியில தோணிச்சுடீ, இந்த வெயில்ல தகர ஷீட்டுக்கு அடியில வெந்துடுவான், பத்து நாளைக்கு என் ரூம்ல இருக்கட்டும்" என்றாய். அன்று சாயங்காலமே தொட்டி வாங்கி அதில் விட்டிருப்பாய். புதுத் தொட்டியில் அவன் கழிவைத் தின்கிற பாக்டீரியா இருக்காது. அது வளர ஒரு மாதம் வேண்டும். அதுவரை சொந்தக் கழிவிலேயே தோல் எரிந்திருக்கும். நோய்க்குத் தொடக்கம் அங்கேதான்.

திட்டவில்லை. நீ அன்று தூக்கிப் போகாவிட்டால் ஒன்பதாம் தேதி ஜேசிபி தொட்டியோடு அவனையும் மண்ணாக்கியிருக்கும். பீரோ, கிரைண்டர், என் சர்டிபிகேட், அப்பா படம் எல்லாம் போய், அந்த வீட்டிலிருந்து முழுசாக மிஞ்சியது அவன் ஒருவன்தான். அம்மா இன்னும் சொல்கிறாள்: "மாதாவே அந்தப் பொண்ணு மனசுல பூந்து அவன காப்பாத்திச்சி." வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். உனக்காக.

மணி


சாந்தோம்
ஜூலை 25

என் மணிக்கு,

சாப்பிட்டான்! இன்று காலை தாயம்மாக்கா இடுக்கியில் மண்புழுவை நீட்டியதும் ஒரே பாய்ச்சல். அக்கா போட்ட சத்தத்தில் மம்மி பிரேயர் புக்கைக் கீழே போட்டுவிட்டார்.

பஞ்சு நாலாம் நாளே சுருங்கி, ஆறாம் நாள் தானாக உதிர்ந்தது. செவுள் ஓரம் திரும்பச் சிவக்கிறது. வால் நிமிர்ந்துவிட்டது. டீக் குளியலை நீ பார்த்திருக்க வேண்டும். அக்கா கையை நனைத்துக்கொண்டு அவனை டப்பில் இறக்கி, "பத்து நிமிசம் பல்ல கடிச்சிக்கோ நைனா" என்பார். அவனுக்குக் கடிக்கிற பல்லே இல்லை என்றேன். "எலீக்சன் முடிஞ்சா எந்தக் கவுன்சிலருக்கு பல்லு கீது?" என்றார். மூன்று மாதம் கழித்து நேற்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

முதல் நாள் அக்கா பம்புத் தண்ணீர் பாட்டிலை டப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "இடமெல்லாம் வேலி போட்டுட்டாங்கோ பாப்பா. பம்பு வேலிக்கு வெளிய கீது. அடிச்சேன், நாலாவது அடியில வந்துடுச்சி" என்றார். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் டப்பில் ஊற்றினார். நானும் ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரிக்கிறது. உங்கள் வீட்டில் எனக்கென்று தனியாக வாட்டர் பாக்கெட் வாங்கி வைப்பீர்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

நீ சொன்னதெல்லாம் சரி. கேன் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதுத் தொட்டியில் விட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் அநியாயம். உன்னோடு சேர்ந்து விலங்கியல் படித்தவள் நான். மார்ச் முதல் வாரமே தொட்டி வாங்கிவிட்டேன். ஃபில்டரை மாட்டி, காலித் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுகவிட்டு, முழுசாக ஒரு மாதம் ஓட்டினேன். தண்ணீரைச் சோதித்துத் தேதி போட்டு நோட்டில் குறித்திருக்கிறேன். எல்லாம் சரியாக வந்தபிறகுதான் அவனைக் கொண்டுவரக் கிளம்பினேன். வேண்டுமானால் நோட்டையே அனுப்புகிறேன், பார்த்துவிட்டு மன்னிப்புக் கேள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய், எடுக்கிறேன். சத்தியமாக.

உன் டீனா


பெரும்பாக்கம்
ஜூலை 27

டீனா,

கடிதத்தை மாடிப்படியில் படித்தேன். நாலாவது மாடி வரை சிரித்துக்கொண்டு வந்தேன். அங்கே ஒரு வரியைத் திரும்பப் படித்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நோட்டு வேண்டாம். நீயே எழுதிவிட்டாய். மார்ச் முதல் வாரம்.

ஏப்ரல் ஆறாம் தேதி வழியில் தோன்றிய யோசனைக்கு மார்ச் முதல் வாரம் எதற்குத் தொட்டி வாங்கினாய்? வெயிலா? மூன்று கோடை ஐஸ் பாட்டிலிலேயே தாண்டினான், அப்போதெல்லாம் உனக்குத் தோன்றவில்லை. பிப்ரவரியில் உன் ஆபீஸ் வாசலுக்கு வந்தேனே, என்ன வரைபடம் போடுகிறாய் என்று கேட்டேன். "ஏதோ ஆத்தோர வேலைடீ, செம போர்" என்று சொல்லி சமோசா வாங்கிக் கொடுத்தாய்.

எங்கள் கதவில் காகிதம் ஒட்டியது ஏப்ரல் எட்டு சாயங்காலம், இடிக்கும் தேதி அதில் இல்லை. ஒன்பது காலை எட்டு மணிக்கு ஜேசிபி. நான் லேபில் இருந்தேன். அம்மா உன் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். பக்கத்து வீட்டு சுலோச்சனா போன் செய்து, நாங்கள் இரண்டு திசையிலிருந்தும் ஓடி வந்தபோது பீரோ கதவு மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. அம்மா அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மாதம் உனக்குப் பாக்டீரியா வளர்ந்தது. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் பீரோவை எடுத்திருப்போம். அப்பா படத்தை எடுத்திருப்போம். அங்கேயே பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடியிருப்போம். சுலோச்சனாவின் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சையைப் பாதியில் விட்டிருக்க மாட்டாள்.

நீ எங்கள் வீட்டிலிருந்து எதைக் காப்பாற்றினாய் என்று யோசித்துப் பார்.

உனக்கு எப்போது தெரியும்? தேதி எழுது.

மணிமொழி


சாந்தோம்
ஜூலை 31

மணி,

பிப்ரவரி 26.

இடிக்கப்போகும் வீடுகளின் வரைபடம் அன்றுதான் ஆபீஸில் என்னிடம் வந்தது. படத்தில் உங்கள் வீட்டுக்குப் பெயர் இல்லை, எண்தான். 117. ஜன்னலும் பம்பும் இருக்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். வெளியே சொல்லக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே உங்களுக்கு நோட்டீஸ் வரும் என்றும் சொன்னார்கள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

உங்கள் வீட்டுக்கு ஐந்து தடவை வந்தேன் மணி. ஐந்து தடவையும் சொல்லத்தான் வந்தேன். தாயம்மாக்கா சூடாக மீன் வறுத்து வைப்பார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். கவுன்சிலரைத் தூக்கினால் நீ சந்தேகப்பட்டுக் கேட்பாய், அப்போது சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீ "நல்ல வேளைடீ" என்று சொல்லி பக்கெட்டில் ஐஸ் போட்டுக் கொடுத்தாய்.

எட்டாம் தேதி அக்காவிடம், "நாளைக்கு வராதீங்க, வீட்லயே இருங்க" என்று சொன்னேன். அவர் லீவு எடுக்கவில்லை. மம்மிக்கு முடியவில்லை என்று வந்து நின்றார்.

அக்காவிடம் சொல்லாதே. காலையில் வந்ததும் தொட்டியைத்தான் முதலில் பார்க்கிறார். என் கன்னத்தைத் தொட்டு விரல்களை முத்தமிட்டுக்கொள்கிறார். அவருக்குத் தெரிந்தால் என்னால் இந்த வீட்டில் நடமாட முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

டீனா


பெரும்பாக்கம்
ஆகஸ்ட் 3

டீனாவுக்கு,

அம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை. நீ கெஞ்சியதற்காக இல்லை. அது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

கவுன்சிலரைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. இங்கே கரண்டு போனால் நாலு மணி நேரம். தண்ணீர் லாரி வந்தால் எட்டு மாடிக்குக் குடம் தூக்க வேண்டும். இங்கே அவன் ஒரு மாதம் தாங்கமாட்டான். உன் அறையில் இன்னும் பத்து வருஷம் இருப்பான். இருக்கட்டும். தண்ணீர் வகையை மட்டும் மாற்றாதே. குடத்தில் ஒரு நாள், பிறகு பம்புத் தண்ணீர். வெயில் ஏறினால் செவுளைப் பார். முன்னால் வளைந்தால் உடனே டப்பில் எடு. டீ பத்து நிமிஷம்தான்.

நேற்று ராத்திரி அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வூட்ல ஒரு ஜீவன் நம்மள தெரிஞ்சிக்கினு கீதுடீ. அத்த பாத்தா சைதாப்பேட்டைக்கே போய்ட்டு வந்தா மாதிரி." நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன் பொய்யை நான் சுமக்க ஆரம்பித்துவிட்டேன். ஐஸ் பாட்டிலைச் சுமந்த அதே அம்மாவின் முன்னாலேயே.

காலேஜ் காலத்திலிருந்து நம் கடிதங்களைச் சுமந்தவள், ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள்தான், படிக்கத் தெரியும். "உங்க சமாச்சாரம் எனுக்கு இன்னாத்துக்கு?" என்பாள். இந்தக் கடிதமும் அப்படித்தான் உன்னிடம் வந்து சேரும். அவளைப் பற்றி எழுதியதை அவளே சுமந்து வருவாள்.

நீ சொல். நீயே அவளிடம் சொல்.

மணிமொழி


பெரும்பாக்கம்
ஆகஸ்ட் 12

டீனாவுக்கு,

ஒன்பது நாளாகக் காலி பாட்டில் திரும்பி வருகிறது. ரப்பர் பேண்டு இருக்கிறது. காகிதம் இல்லை.

"பாப்பா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குது, வேலைல ரொம்ப கஷ்டம் போல" என்று அம்மா உனக்காக வருத்தப்படுகிறாள். இந்த வெள்ளிக்கிழமை உனக்கு இரண்டு மெழுகுவத்தியாம்.

நாளைக் காலை ஏழரைக்கு மணி அடிப்பாள். கையில் பம்புத் தண்ணீர் இருக்கும். முழங்கால் வலியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உன் மம்மி கிளாடிஸ் ஆன்ட்டியை அனுப்பாதே, நீ போய்த் திற. பாட்டிலை வாங்கிக் கீழே வை. அவளை உட்காரச் சொல். சமையலறையில் வேண்டாம், ஹாலில், உங்கள் நாற்காலியில்.

உட்கார்ந்ததும் தேதியைச் சொல்.